கெட்ட சேதியாக வந்த புரதம்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ராபர்ட் வெய்ன்பெர்கின் ஆய்வகத்தில் 1982இல் அது முதலில் பிடிபட்டது. தாய் வயிற்றிலேயே ரசாயனம் ஏற்றப்பட்டு நரம்பு மண்டலத்தில் புற்று கண்ட எலிகள். அவற்றின் டிஎன்ஏவைச் செலுத்திய செல்களும் புற்றாக மாறின. அந்தச் செல்களில் 1,85,000 டால்டன் எடையுள்ள புரதம் ஒன்றைக் கண்டெடுத்தவர், பம்பாயிலிருந்து போயிருந்த லட்சுமி சரண் பாதி. அதன் மரபணுவுக்குப் பின்னர் 'நியூ' என்று பெயரிட்டார்கள்.

சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய இந்தப் புரதம் செல்லின் சவ்வை ஊடுருவி நிற்கிறது. பாதி வெளியே, பாதி உள்ளே. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மருந்து எட்டிப் பிடிக்கலாம். கண்டுபிடித்த ஆய்வகமோ அந்த வழியில் போகவில்லை. 1985இல் மார்க் கிரீனின் குழுதான், இந்தப் புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடியை ஊற்றினால் அந்தச் செல்கள் அடங்குவதைக் காட்டியது.

அதே ஆண்டு ஜெனென்டெக் நிறுவனத்தில் ஆக்செல் உல்ரிச் குழு இதன் மனித வடிவத்தைப் படியெடுத்தது: ஹெர்2. கையில் மரபணு இருந்தது, நோய்தான் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் டென்னிஸ் ஸ்லேமனிடம் கட்டித் துண்டுகள் சேமிப்பில் இருந்தன. 1987இல் 189 மார்பகக் கட்டிகளைப் பார்த்ததில் சுமார் 30 சதவீதத்தில் அந்த மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது. (சதவீதம் பின்னாளில் 15-20 ஆகக் குறைந்தது.) ஹெர்2 வெளியிலிருந்து உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. கூட்டம் பெருகினால் ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்து, 'பெருகு, பெருகு' என்று உள்ளே விரட்டிக்கொண்டே இருக்கும்.

ஹெர்2வைப் பற்றும் எலி ஆன்டிபாடியை மனித உடலுக்கு ஏற்ப மாற்றிய டிராஸ்டுசுமாப் மருந்து, 1998இல் அமெரிக்க அனுமதி பெற்றது. பரவிய நோயில் கீமோவோடு சேர்த்தபோது நோயாளிகள் உயிர்வாழ்ந்த இடைநிலைக் காலம் 20 மாதத்திலிருந்து 25 ஆனது. ஐந்து மாதம் அற்பமாகத் தோன்றலாம். ஆரம்பக் கட்டத்திலேயே கொடுத்தபோதுதான், 2005இல், நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது தெரிந்தது. விலையும் உண்டு: இதயத் தசைக்கும் இந்தப் புரதம் தேவை, அதனால் சிகிச்சை நெடுக எக்கோ எடுக்கிறார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஹெர்2 பாசிட்டிவ்' என்பது இப்போது முன்போல் பயமுறுத்துவதில்லை.

பெங்களூரின் பயோகான் 2013இல் டிராஸ்டுசுமாபின் மலிவுப் பிரதிக்கு இந்தியாவில் அனுமதி பெற்றது. 2022இல் இன்னொரு திருப்பம். ஆன்டிபாடியின் முதுகில் கீமோவை ஏற்றி அனுப்பும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகானுக்கு, புரதம் கொஞ்சம் இருந்தாலே போதும், உள்ளே நுழைந்துவிடும். 'நெகட்டிவ்' என்று எழுதி மூடிய ரிப்போர்ட்டுகளில் புரதம் கொஞ்சம் இருப்பதைச் சொல்லும் 1+ என்ற குறிப்பை மருத்துவர்கள் இப்போது தேடிப் படிக்கிறார்கள்.