கோட்டை எண்டா தெரியாது, கச்சேரி எண்டா தெரியும்

இரண்டாம் வருசத்தில் எங்களுக்கு ஒரு ஒப்படை தந்தார்கள். உங்கட ஊரில் இருக்கிற வரலாற்றுக் கட்டடம் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். மட்டக்களப்புப் பிள்ளைகள் பதினைந்து பேர் இருந்தோம். அதில் பதின்மூன்று பேர் மட்டக்களப்புக் கோட்டையை எழுதினோம். நானும் அந்தப் பதின்மூன்றில் ஒராள். எல்லாரும் ஒரே மூன்று வசனத்தைத்தான் எழுதியிருந்தோம்: போர்த்துக்கேயர் கட்டினார்கள், ஒல்லாந்தர் பிடித்தார்கள், ஆங்கிலேயர் எடுத்தார்கள். அதோட கோட்டை முடிஞ்சுது.

ஒப்படை குடுத்த பிறகு ஒரு நாள் அம்மம்மாவிடம் கேட்டேன், "அம்மம்மா, நீங்க கோட்டைக்குள்ள போயிருக்கிறீங்களா?"

"கோட்டையோ? அது எங்க புள்ள கிடக்கு?"

புளியந்தீவில், வாவிக்கரையில், பெரிய மதில் என்று விளங்கப்படுத்தினேன். அவ சிரித்தா. "அது கச்சேரிகா! கச்சேரி எண்டு சொல்லன். எத்தின தரம் போயிருப்பன்."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. அந்த மதிலுக்குள் ஒரு தரமும் ஒரு அலுவலாகப் போகாத நான் அதைப் பற்றி ஒப்படை எழுதி புள்ளியும் வாங்கிவிட்டேன். அலுவலுக்காக வெயிலில் நின்று தேய்ந்த அம்மம்மாவுக்கு அதுக்குக் கோட்டை என்று ஒரு பேர் இருப்பதே தெரியாது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு பேரையும் பற்றியது.

புளியந்தீவு

வெளியூர் நண்பர்களுக்காக: மட்டக்களப்பு நகரத்தின் பழைய நடுப்பகுதி ஒரு தீவு. மூன்று பக்கம் இல்லை, நாலு பக்கமும் வாவி. பாலத்தால் கோட்டைமுனைப் பக்கம் போகலாம். புளிய மரத்தால் வந்த பேர் என்பார் ஒருவர், புளியன் என்ற தலைவனின் பேர் என்பார் இன்னொருவர். சூரியன் எழும் கடல் பக்கம் எழுவான்கரை, விழும் வயல் பக்கம் படுவான்கரை. இரண்டு கரையின் நெல்லும் மீனும் சனமும் தோணியில் வந்து சேர்ந்த இடம் புளியந்தீவு. ஆகவே எங்கட நகரத்தின் முகம் றோட்டுப் பக்கம் இல்லை, தண்ணிப் பக்கம். இன்றைக்கு பஸ்ஸில் வந்து இறங்குகிற எங்களுக்கு நகரத்தின் முதுகுதான் முதலில் தெரிகிறது. பழைய கட்டடங்கள் ஏன் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்று யோசித்தால் இது விளங்கும்.

இரண்டு பிரதி ஒப்பந்தம்

கோட்டை ஏன் இங்கே வந்தது? பாடப்புத்தகத்தில் திகதி இருக்கிறது, காரணம் குறைவு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்குக் கரையை போர்த்துக்கேயர் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். கண்டி இராச்சியம் வெளியுலகத்தோடு கதைக்கிற கதவு கிழக்குக் கரைதான். 1602இல் ஒல்லாந்தக் கடலோடி ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் கண்டி அரசன் விமலதர்மசூரியனைக் காணப் போனதும் மட்டக்களப்பில் இறங்கித்தான். அந்தக் கதவை அடைக்கவேண்டும் என்று போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா முதலில் திருகோணமலையிலும், பிறகு 1628இல் புளியந்தீவிலும் கோட்டை கட்டினான். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் வெட்டிய அகழி, நாலு மூலையிலும் கொத்தளம். கோட்டையின் நோக்கம் எங்களைப் பிடிப்பதை விட, கண்டிக்குக் கடலை மறைப்பது.

பத்து வருசம்தான் தாக்குப்பிடித்தது. 1638 மே 18இல் அடம் வெஸ்டர்வோல்டின் ஒல்லாந்தப் படையும் இரண்டாம் இராஜசிங்கனின் படையும் சேர்ந்து அதைப் பிடித்தன. இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரிடம் போன முதல் கோட்டை எங்கட கோட்டை. ஐந்து நாள் கழித்து, மே 23இல், மட்டக்களப்பிலேயே அரசனும் ஒல்லாந்தரும் ஒரு ஒப்பந்தம் செய்தார்கள்.

வாசித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் இதுதான். பிடிக்கிற கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு. அரசனிடம் இருந்த பிரதியில் "அரசன் விரும்பினால்" என்ற கருத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் பிறகு வந்த சண்டை முழுக்கத் தொங்கியது. அரசன் தன் கோட்டைகளைக் கேட்டான். கம்பனி தன் பிரதியைக் காட்டியது.

(அந்தக் கம்பனியின் சுருக்கப் பேர் வி.ஓ.சி. இதைச் சொன்னதும் என்னோட படிக்கிற ஒருவன் "அட, வ.உ.சிதம்பரம்பிள்ளையா?" என்றான். சிரித்தோம். ஆனால் யோசித்தால் அவரும் கப்பல் கம்பனிக்காரர்தான். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டு வெள்ளைக்காரனோட மல்லுக்கட்டி சிறைக்குப் போனவர். ஒரே மூன்று எழுத்து, இரண்டு எதிர்த் திசை.)

ஒரு ஒப்பந்தத்துக்கு இரண்டு பிரதி இருந்தது போல, ஒரு கட்டடத்துக்கும் இரண்டு பிரதி இருக்கிறது. கோட்டை ஒரு பிரதி. கச்சேரி மற்றது. அரசாங்கப் பலகையிலும் சுற்றுலாக் கையேட்டிலும் இருப்பது முதலாவது மட்டும்.

கச்சேரி

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். பீரங்கிக்கு வேலை குறைந்தது, பேனாவுக்குக் கூடியது. கோட்டைக்குள் அரசாங்கக் கந்தோர் வந்தது. தமிழ்நாட்டு ஆக்களுக்குக் கச்சேரி என்றால் பாட்டு. எங்களுக்குக் கச்சேரி என்றால் படிவம், முத்திரை, வரிசை, "நாளைக்கு வாங்க". சுதந்திரத்துக்குப் பிறகும் மாவட்டச் செயலகம் அங்கேதான் இருந்தது. காணி, ஓய்வூதியம், நிவாரணம் எல்லாத்துக்கும் அந்த வாசல். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த மாவட்டத்துச் சனம் அரசாங்கம் என்ற ஒன்றை முகத்துக்கு முகம் கண்ட இடம் அது.

அம்மம்மா முதல் தரம் போனது 1978 சூறாவளிக்குப் பிறகு. நவம்பர் 23 இரவு அடித்த காற்றில் அவவின் வீட்டுக் கூரை போய்விட்டது. நிவாரணத்துக்குப் பேர் பதிய படுவான்கரையில் இருந்து தோணியில் வந்தா. "தென்ன மரமெல்லாம் தலையில்லாம நிண்டுது புள்ள. கச்சேரி மதில் மட்டும் ஒண்டும் ஆகாம நிண்டுது."

பிறகு 1990. மாமாவைக் காணவில்லை. பேர் எழுதிக் குடுக்கப் போனா. ஒரு தரம் இல்லை, கன தரம். காலையில் போனால் மதிலின் எந்தப் பக்கம் நிழல், மத்தியானம் எந்தப் பக்கம் நிழல் என்று அவவுக்கு இன்றைக்கும் தெரியும். கொத்தளம், அகழி, 1638 ஒன்றும் தெரியாது. அந்த மதிலைப் பற்றி இதைவிட நுணுக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

என் ஒப்படையில் இது ஒரு வரியும் இல்லை. ஏனென்றால் இதை வரலாறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மற்றச் சுவர்கள்

கோட்டையில் இருந்து வெளியே வந்து நடந்தால் எல்லாமே இப்படித்தான். வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிசனரி 1814இல் இங்கே வந்தார். வருகிற வழியில் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். அடுத்த வருசமே அவரும் இறந்துபோனார். ஒரு வருசம்கூட முழுதாக இருக்கவில்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரிடமிருந்துதான் எண்ணுகிறது. வாவிக்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. சிலைக்குக் கீழே நின்று செல்ஃபி எடுக்கிற எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தொடங்கியது. பிறகு யேசுசபைத் துறவிகளின் கைக்கு வந்தது. அமெரிக்காவில் இருந்து வந்த யேசுசபையினர் கொண்டுவந்த கூடைப்பந்து இன்றைக்கும் இந்த ஊரின் பைத்தியம். பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். புனித மரியாள் தேவாலயத்தில் 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையின்போது நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். கோயில், பள்ளிக்கூடம், கந்தோர் ஒவ்வொன்றுக்கும் கட்டியவர் பேரில் ஒரு வருசம் இருக்கிறது. எங்களுக்கு நடந்ததன் பேரில் இன்னொரு வருசம் இருக்கிறது. முதலாவதைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இரண்டாவது வாயில் மட்டும் இருக்கிறது.

தொல்பொருள் எண்டா ஏன் பயம்?

சரி, பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்வது லேசு. போன வருசம் பழைய கடைத்தெரு வீடொன்றைப் படம் எடுக்கப் போனேன். தடித்த சுண்ணாம்புச் சுவர், அகலத் திண்ணை, பலகையால் மூடுகிற கதவு. வீட்டுக்காரர் ஐயா நல்ல மனிதர், தேத்தண்ணி தந்தார். ஆனால் ஒன்று கேட்டார்: "மகள், இதப் போட்டா தொல்பொருள்காரர் வந்து பலகை நடுவாங்களா?"

அவரில் பிழை சொல்ல ஏலாது. கிழக்கில் தொல்பொருள் என்ற சொல் வரலாற்றுச் சொல்லாக இல்லை, காணிச் சொல்லாக மாறிவிட்டது. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுக்கென ஒரு ஜனாதிபதி செயலணி அமைத்தார்கள். தலைவர் பாதுகாப்புச் செயலாளர். பெரும்பான்மையாகத் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்கிற மாகாணத்துக்கான அந்தச் செயலணியில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. அப்படி ஒரு அனுபவம் உள்ள இடத்தில், தன் வீடு பழையது என்று யார் வாய் திறந்து சொல்வார்கள்? பழமையை மறைப்பதுதான் பாதுகாப்பு என்று சனம் நினைக்கிறது. அதனால் ஓட்டைக் கழற்றித் தகரம் போடுகிறார்கள், சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசுகிறார்கள். வாவிக்கரை ஈரத்தில் சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளுக்குள்ளேயே அடைபட்டு சுவரைத் தின்னும். வெளியில் புதுசு, உள்ளே உக்கல்.

ஆகவே பிரச்சினை "எங்கட சனத்துக்கு மரபு மேல அக்கறை இல்ல" என்பதல்ல. மரபு என்ற பேரில் வருகிறவர்களை நம்ப முடியவில்லை என்பது. இரண்டும் ஒன்றல்ல.

இதுக்கு எதிர் உதாரணமும் எங்கட ஊரிலேயே இருக்கிறது. 1924இல் கட்டிய கல்லடி இரும்புப் பாலம். ஆளுநர் மனிங்கின் மனைவி பேரில் லேடி மனிங் பாலம் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரை இங்கே யாரும் சொல்வதில்லை, கல்லடிப் பாலம்தான். 2013இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தபோதும் பழையது நின்றது, இன்றைக்கும் நிற்கிறது. பௌர்ணமி இரவில் மீன் பாடுவதைக் கேட்கப் போனவர்கள், காதலர்கள், தூண்டில்காரர் எல்லாருக்கும் அது தங்கட பாலம். வெள்ளைக்காரன் கட்டினது என்று யாரும் விலகி நிற்கவில்லை. சனம் தங்கட பேரை வைத்துக்கொண்ட கட்டடம் தப்பும் என்பதுதான் எனக்கு விளங்கியது.

இனி?

மாவட்டச் செயலகம் இப்போது திராய்மடுவில் கட்டிய புதுக் கட்டடத்துக்குப் போயிட்டுது. கோட்டைக்கு அடுத்து என்ன என்ற கேள்வி வந்திருக்கிறது. ஹோட்டல் வரலாம், நூதனசாலை வரலாம், சுற்றுலாவுக்கு வெளிச்சம் போடலாம். எது வந்தாலும் பலகையில் எழுதப்போகும் மூன்று வசனம் எனக்கு இப்பவே தெரியும். என் ஒப்படையில் இருந்த அதே மூன்று வசனம். நாலாவது வசனம் ஒன்று வேண்டும்: இந்த மதிலின் நிழலில் இந்த மாவட்டத்துச் சனம் காத்திருந்தது.

அந்த வசனத்தை வேறு யாரும் எங்களுக்காக எழுதப்போவதில்லை. பெரிய அமைப்பு ஒன்றும் தேவையில்லை. இந்தக் கிழமை வீட்டில் வயது போன ஒராளிடம், "கச்சேரிக்கு ஏன் போனீங்க?" என்று ஒருக்காக் கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். அவர்களுக்கு விருப்பமில்லாத பேர்களை வெளியில் விடாதீர்கள். தெருவில் பழைய வீடு கண்டால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், கேட்காமல் போடாதீர்கள்.

போன மாதம் அம்மம்மாவை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போகவில்லை, அவவுக்கு ஏலாது. வெளியில் மதிலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தோம். 1638, வெஸ்டர்வோல்ட், இரண்டு பிரதி எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவ சொன்னா: "அப்ப அந்த ராசாவையும் இவங்க அலைக்கழிச்சிருக்கிறாங்க, என்ன புள்ள?"

என் ஒப்படைக்கு 72 புள்ளி. அம்மம்மா சொன்ன அந்த ஒரு வரி அதில் இருந்திருக்க வேண்டும்.