யூதர் இசையும் சமுதாய ஒருமையும்

எருசலேம் நகரத்துத் தேவாலயம் கி. பி. 70 ஆம் ஆண்டில் உரோமப் படைகளால் அழிக்கப்பட்டது. அழிந்தது கற்கட்டடம் மாத்திரமன்று. பல நூற்றாண்டுகளாக வளர்ந்துவந்த ஓர் இசைமரபும் அதனோடு ஒழிந்தது. அவ்வாலயத்திற் பாடும் பணி லேவியர் என்னும் குலத்தார்க்கே உரியதாயிருந்தது. மேடைமீது பன்னிருவர்க்குக் குறையாது நின்று அவர்கள் பாடினர் என்றும், யாழ், கைத்தாளம் முதலியன உடன் ஒலித்தன என்றும், கூடாரத் திருவிழாவிற் பதினைந்து படிகளில் நின்று இசைத்தனர் என்றும் கி. பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் நூல் கூறும். பொதுமக்கள் பெரும்பாலும் கேட்போராகவே இருந்தனர். ஆலயம் போனபின் பாடுவோர் யாவர்? சிதறிய யூத மக்கள் ஒரு சமுதாயமாக நிலைத்தமை இவ்வினாவுக்கு அவர்கள் கண்ட விடையிலே பெரிதும் தங்கியிருந்தது.

பாடுங் கடமை சபையோர் அனைவரையும் சார்ந்தது என்பதே அவ்விடை. துயர்க்குறியாக இசைக்கருவிகள் வழிபாட்டினின்றும் விலக்கப்பட்டன. மனிதக் குரலொன்றே எஞ்சியது. பருவமெய்திய ஆடவர் பதின்மர் கூடுமிடத்துப் பொதுவழிபாடு நடத்தலாம் என்பது விதியாதலின், அக்குரலை எந்நாட்டுக்கும் கொண்டுசெல்ல இயன்றது. செபக்கூடத்தில் ஹசான் எனப்படும் ஓதுவார் முன்னின்று பாடுவார். ஆயினும் அவரைச் சபையின் தூதர் என்றே வழங்கினர். அவர் ஓதியதைச் சபையோர் 'ஆமென்' என ஏற்றுக்கொள்வர்.

மறைநூல் வாசிப்பும் இசையோடு கூடியதே. 9 ஆம், 10 ஆம் நூற்றாண்டுகளிலே திபேரியா நகரத்து அறிஞர் எழுத்துக்களின் மேலும் கீழும் இடப்படும் ஓதற்குறிகளை ஒழுங்குபடுத்தினர். வேதச் சுவடிகளிற் சுரக்குறிகளைக் கண்டோர்க்கு இது புதுமையன்று. ஆனால், குறிகள் ஒன்றாயிருந்தும் அவற்றுக்கு யேமன் நாட்டார் கொடுத்த இசை வேறு, பக்தாத்து நகரத்தார் கொடுத்தது வேறு, செருமானியர் கொடுத்தது வேறு. 16 ஆம் நூற்றாண்டிற் கலிலேயாவிலுள்ள சபேத்து நகரில் வாழ்ந்த சலமோன் அல்கபேசு இயற்றிய 'லெகா தோதி' என்னும் பாட்டு இதற்குச் சிறந்த சான்றாகும். ஓய்வுநாளை மணமகளாக உருவகித்து வெள்ளிக்கிழமை மாலையில் வரவேற்கும் பாட்டு அது. ஆசிரியர் தம் பெயரைச் செய்யுள்களின் முதலெழுத்துக்களிற் பொதிந்துவைத்தார். இறுதிச் செய்யுள் வந்ததும் சபையோர் எழுந்து, வருபவளை எதிர்கொள்வார்போல வாயிலை நோக்கித் திரும்புவர். இதற்கு வழங்கும் மெட்டுக்கள் எண்ணில. அயலூரிலிருந்து வந்த ஒருவன் மெட்டை அறியானாயினும் சொல்லை அறிவான். சிறிது கேட்டபின் தானும் கலந்துகொள்வான். சொல் அவனை இனத்தோடும், மெட்டு அவனை ஊரோடும் பிணித்தன.

வீட்டுச் சடங்குகளிலோ சொல்லும் அந்தந்த நாட்டு மொழியாயிற்று. நமக்கு அண்மையிலுள்ள கொச்சியில் யூதப் பெண்கள் திருமணம் முதலியவற்றில் மலையாளத்திலேயே பாடினர். பாட்டுக்களைக் குறிப்பேடுகளில் எழுதிக் காத்தனர். பெண்கள் ஆடவர்முன் பாடுதலைப் பல யூத சமுதாயங்கள் விலக்கியிருக்க, கொச்சியார் அதனை விலக்காதது பாராட்டத்தக்கது. 1950 களில் அவர்களுட் பெரும்பாலோர் இசுரவேலுக்குக் குடிபெயர்ந்தனர். ஏடுகளுட் பலவும் உடன்சென்றன.

19 ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் நிலைமை மாறியது. அம்பர்க்கு நகரத்துச் சீர்திருத்தச் சபையார் 1818 இல் ஓர்கன் வாத்தியத்தை வழிபாட்டிற் புகுத்தப் பெரும் பூசல் மூண்டது. வியன்னாவில் 1826 முதல் ஓதுவாராயிருந்த சலமோன் சுல்சர் பயிற்சிபெற்ற பாடகர் குழுவை அமைத்தார். அவருக்காகச் சூபேட்டு என்னும் இசைமேதை 1828 இல் 92 ஆம் சங்கீதத்துக்கு எபிரேய மொழியிலேயே இசையமைத்தார். சுல்சரின் ஆற்றலை மறுப்பாரில்லை. எனினும், குழு பாடச் சபை கேட்டிருப்பதாயின் லேவியர் காலத்து நிலையே மீளும், ஆலயமோ மீளாது. பெர்லினில் லெவண்டோவுசுக்கி 1871 இற் சபையோரும் உடன்பாடத்தக்க எளிய இசைநூலை வெளியிட்டது இக்குறையை உணர்ந்தே போலும்.

கிழக்கு ஐரோப்பாவில் 18 ஆம் நூற்றாண்டில் எழுந்த ஹசிதிய இயக்கத்தாரோ சொல்லையும் துறந்து வெறும் மெட்டையே பாடினர். 'நிகுன்' எனப்படும் அதனைப் பாட எழுத்தறிவும் வேண்டுவதில்லை. கல்லாத வண்டிக்காரனும் கற்ற குருவோடு சேர்ந்து பாடலாம். புக்கோவினாவிலுள்ள சதகோரா ஊரைச் சேர்ந்த ஹசிதியரின் மெட்டொன்றை இடெல்சோன் என்னும் ஆராய்ச்சியாளர் முதல் உலகப் போர்க்காலத்தையொட்டி எருசலேமிற் கேட்டெழுதினார். பல நாட்டு யூதர் பாட்டுக்களைத் திரட்டி 1914 முதல் 1932 வரை பத்துப் பாகங்களாக வெளியிட்டவர் அவர். அம்மெட்டே பின்னர்ச் சொற்கள் பெற்று 'ஹாவா நகிலா' ஆயிற்று. இன்று உலகெங்கும் யூதர் மணவிழாக்களில் அதற்குக் கைகோத்து வட்டமாக ஆடுகின்றனர்.