சூல் நாள் கணக்கு: மரபும் சட்டமும் – மாரிகுப்பத்தை முன்வைத்து

முன்னுரை

கோலார் தங்கவயலின் தென்பகுதியில் மைசூர்ச் சுரங்கத்தை ஒட்டி அமைந்த மாரிகுப்பம், தமிழ்த் தொழிலாளர் குடியேற்றத்தால் உருவான ஊர்களுள் ஒன்றாகும். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் இங்குப் பணியைத் தொடங்கிய பின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் வந்து குடியேறினர். 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. இம்மக்களோடு சூல் நாளைக் கணிக்கும் தமிழ் மரபும் வந்தது. அம்மரபு பிற்காலத்துச் சட்டக் கணக்கோடு எவ்விடத்தில் பொருந்துகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் தரும் சான்று

கருவுற்றவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ எனக் கூறுவது தமிழ் வழக்கு. மாதவிலக்கின் மூன்று நாள் கழிந்து, நான்காம் நாள் தலைமுழுகுதல் பழைய நடைமுறை. அம்முழுக்கு நிகழாது போவதே கருவின் முதல் அறிகுறி. எனவே, இறுதியாக முழுகிய நாளே கணக்கின் தொடக்கமாக அமைந்தது. ‘நாள் தள்ளிப்போதல்’ என்னும் வழக்கும் இதனையே உணர்த்துகிறது. ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய ஒற்றைப்படை மாதங்களில் நிகழும் வளைகாப்பும், தலைப்பேற்றிற்குத் தாய்வீடு செல்லுதலும் இக்கணக்கையே சார்ந்தவை.

பத்துத் திங்கள்

இலக்கியம் தரும் கால அளவு ஒரு தன்மைத்தன்று. மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் கருவின் இடர்களை மாதந்தோறும் வரிசைப்படுத்திப் பத்தாம் திங்களில் முடிக்கிறது. கச்சிப்பேட்டு நன்னாகையாரின் குறுந்தொகைப் பாடலோ (287) கார்மேகத்திற்கு உவமையாகும் சூல்மகளிர்க்குப் பன்னிரு திங்களைக் கூறுகிறது. ஆண்டுக்கொருமுறை வரும் கார்ப்பருவத்தை நோக்கி அமைந்த உவமை ஆதலின், இதனைக் கணக்கு எனக் கொள்ளாது கவிமரபு எனக் கொள்ளுதல் பொருந்தும்.

பத்துத் திங்கள் என்பதோ கணக்கோடு இயைவது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பணியாற்றிய நேகல (1778–1851) பெயரால் வழங்கும் விதி, இறுதி விலக்கின் முதல் நாளோடு ஏழு நாள் கூட்டி, மூன்று மாதம் பின்னோக்கி எண்ணுகிறது. சனவரி 10 தொடக்கமாயின் அக்டோபர் 17 பேற்றுநாளாகும். இடைப்பட்டவை 280 நாள்கள். இவை 28 நாள் கொண்ட மாதங்களாயின் சரியாகப் பத்து. ஞாயிற்று மாதங்களாயின் ஒன்பது முடிந்து, பத்தாவது தொடங்கிய நிலை. நடப்பு மாதத்தையும் சேர்த்தெண்ணும் வழக்கில் இரண்டும் பத்தே ஆகும். மரபின் தொடக்கநாள் ஏறத்தாழ மூன்று நாள் பிந்தியது என்பதே வேறுபாடு.

கூலியைத் தீர்மானித்த நாள்

1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்கள் நிலத்தடியில் பணிபுரிவதைத் தடுத்தது. 2019இலேயே இத்தடை தளர்ந்தது. மேற்பரப்பில் பணிபுரிந்தோர்க்கு 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் பொருந்தியது. எதிர்பார்க்கும் பேற்றுநாளுக்கு முந்திய பன்னிரு மாதங்களில் 160 நாள் பணிபுரிந்தவரே அதன்படி பயன்பெறத் தக்கவர். பேற்றுநாள் வரை ஆறு வாரம், அதன்பின் ஆறு வாரம் என ஊதியக்காலம் வகுக்கப்பட்டிருந்தது. எனவே, குறித்த நாளுக்கு முன்பே குழந்தை பிறப்பின், முன்பகுதியில் எஞ்சிய நாள்கள் பின்பகுதியோடு சேர வழியில்லை. நாள் பிழைத்தால் கூலி குறையும். 1988ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பகுப்பை நெகிழ்த்தியதோடு, பணிநாள் தகுதியையும் 80 ஆகக் குறைத்தது.

மீயொலிப் படம் பரவலாவதற்கு முன் அந்நாளை வரையறுக்க மருத்துவர்க்குப் பெருந்துணையாக இருந்தது பெண்ணின் வாய்மொழியே. கருப்பை உயரமும் குழந்தையின் அசைவும் அதனைச் சரிபார்க்கவே உதவின. 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழுவினர் மீயொலி ஆய்வை வெளியிட்ட பின்னரே இந்நிலை மெல்ல மாறத் தொடங்கியது.

முடிவுரை

பத்துத் திங்கள் என்னும் வழக்கு தோராயமானது எனத் தள்ளத்தக்கதன்று. தொடக்கநாளும் எண்ணும் முறையும் உடைய கணக்காகும். சான்றிதழில் மருத்துவர் எழுதிய நாளும், தாய் நினைவில் வைத்திருந்த நாளும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கவயற் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கப் பதிவேடுகளைக் கொண்டு வரலாறு எழுதுவோர், அவற்றின் பின்னுள்ள பெண்களின் நாள் கணக்கையும் வாய்மொழிச் சான்றாகத் தொகுத்தல் இன்றியமையாதது.