பட்டன் சண்டை

ஒரு சாதாரண பட்டன். திரையில் அழுத்தினால் உள்ளே போகிற மாதிரி பாவலா காட்டுமே, அதுதான். இதற்காகப் பெரிய கம்பெனிகள் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டின என்றால் நம்புவீர்களா?

1995 மே மாதம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை அறிமுகப்படுத்தியது. ஒருமுறை எழுதினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்று சத்தியம் செய்தார்கள். கணக்குப் போடுவது சரி, திரையில் ஜன்னல் திறக்கணுமே? விண்டோஸ் பட்டன் வேறு, மேக் பட்டன் வேறு, யூனிக்ஸ் பட்டன் வேறு. நடுவே ஒரு தரகரை உட்கார வைத்தார்கள். பெயர் ஏ.டபிள்யூ.டி. 'பட்டன்' என்று நீங்கள் எழுதினால் போதும், அது அந்தந்த மெஷினிடம், 'உங்க பட்டன் ஒண்ணு குடுங்க' என்று வாங்கி வரும்.

வந்தது வினை. எல்லாரிடமும் இருப்பதைத்தானே கேட்க முடியும்? ஒருத்தருக்குக் காரம் ஆகாது, இன்னொருத்தருக்குப் புளி ஆகாது என்றால் பந்தியில் மிஞ்சுவது தயிர்சாதம்தான். அட்டவணைகூடக் கிடையாது. இருக்கிற பட்டனும் மெஷினுக்கு மெஷின் சைஸ் மாறி, இங்கே அழகாக இருந்த படிவம் அங்கே பல்லை இளித்தது. 'ஒருமுறை எழுது, ஊரெல்லாம் பிழை தேடு' என்று புரோகிராமர்களே கிண்டலடித்தார்கள்.

1998 டிசம்பரில் ஜாவா 1.2-வோடு ஸ்விங் வந்தது. யாரிடமும் கடன் கேட்காது, பட்டனைத் தானே வரைந்துகொள்ளும். எங்கும் ஒரே முகம். ஆனால் வேஷம் வேஷம்தான். அன்றைய கம்ப்யூட்டர்களில் ஆமை வேகம் வேறு.

2001-ல் எக்லிப்ஸ் மென்பொருளோடு ஐ.பி.எம். தந்த எஸ்.டபிள்யூ.டி., முடிந்தவரை மெஷினிடம் கேள், இல்லாததை மட்டும் வரை என்றது. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம்! என்ன, வாங்கியதைத் திருப்பித் தரும் பொறுப்பு புரோகிராமர் தலையில்.

செல்போனிலும் இதே வழக்குத்தான். 2015-ல் வந்த ரியாக்ட் நேட்டிவ் கேட்டு வாங்குகிற கட்சி, 2018-ல் முதல் பதிப்பு கண்ட ஃப்ளட்டர் தானே வரைகிற கட்சி. உங்கள் போனில் ஏதாவதொரு பட்டனை அழுத்திப் பாருங்கள். எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்க முடிகிறதா?