மச்சு வெப்பக்காப்பு: வைட்ஃபீல்ட் வீடுகள்

மச்சு வெப்பக்காப்பு என்பது கூரைக்கும் உள்கூரைக்கும் இடையே பரப்பப்படும் கண்ணாடிக் கம்பளி, பாறைக் கம்பளி, பொரித்த வெர்மிக்யூலைட் போன்ற பொருள்களைக் குறிக்கும். தூவலாகக் கொட்டப்படும் வகை சரியாமலும் பறக்காமலும் அறைக்குள் உதிராமலும் அடக்கிவைக்கப்பட வேண்டும். பெங்களூரின் கிழக்கிலுள்ள வைட்ஃபீல்டில் இதற்கு இடமளிப்பவை பழைய ஓட்டு பங்களாக்களும் சாய்கூரை வில்லாக்களும்தான். அடுக்ககங்களின் கான்கிரீட் தளத்துக்கு மச்சே கிடையாது.

மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் 1882இல் அளித்த நிலத்தில் ஆங்கிலோ-இந்தியர் குடியேற்றமாகத் தோன்றிய ஊர் இது. குடியேற்றத்தை முன்னின்று நடத்திய ஒயிட் என்பவரின் பெயரே ஊர்ப்பெயரானது. இங்குள்ள பழைய பங்களாக்களின் கூரை மங்களூர் ஓடு. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலைதான் அதன் முன்னோடி. உயரமான கூரையும் ஓட்டு இடுக்குகளும் சூட்டை வெளியேற்றின. சுமார் 900 மீட்டர் உயரத்து ஊருக்கு அது போதுமாயிருந்தது.

அந்த இடுக்குகளே உதிரிக் காப்புக்கு எதிரி. இறவாரம் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று தூவலை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கத்தில் உள்கூரைப் பலகையை மூடாமல் விட்டுவிடும். சாரல் நனைத்தால் அது அமுங்கிப் பயனற்றுப் போகும். எலியும் அணிலும் கலைக்கும். ஆகவே முதலில் உள்கூரைப் பலகைகளின் இடைவெளிகளை அடைப்பார்கள். பிறகு இறவார ஓரத்தில் தூவலின் மட்டத்தைவிட உயரமான பலகைத் தடுப்பு நிறுத்தப்படும். அதற்கு மேல் காற்றோட்டத்துக்கு வழிவிட்டு, துருவேறாத வலை அடிக்கப்படும். மச்சுக்கு ஏறும் கதவைச் சுற்றி மரச்சட்டமும், உள்கூரையில் பதித்த விளக்குகளின் மேல் தீப்பிடிக்காத பெட்டியும் தேவை. மேற்பரப்பில் பாலித்தீன் போர்த்துவது தவறு: ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஆவி கடந்துபோகும் நெய்யாத் துணியே ஏற்றது.

உண்மையில், ஓட்டு வீட்டுக்குத் தூவலைவிடத் துணி உறையிட்ட பாளங்களே பொருத்தம். தொழிற்கூடங்களின் தகரக் கூரையில் அலுமினியத் தாள் ஒட்டிய கம்பளிச் சுருளைக் கோழிவலை தாங்க விரிப்பது வழக்கம். வீடு கட்டும் வேலையாட்களுக்கும் அது பழகிய முறை. 2018இல் வெளியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் கட்டட ஆற்றல் விதித்தொகுப்பு, குடியிருப்புக் கூரையின் வெப்பக்கடத்தல் மதிப்பு சதுர மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு 1.2 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது.

வெர்மிக்யூலைட் தமிழகத்தில் திருப்பத்தூர் அருகே சேவத்தூரில் வெட்டப்படுகிறது. அமெரிக்காவில் மொன்டானா மாநில லிபி சுரங்கத்துச் சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்ததால் பல வீடுகளின் மச்சுகள் சிக்கலாயின. அச்சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. எல்லாச் சுரங்கத்துப் பொருளும் அப்படியல்ல. காப்புக்குப் பயன்படும் கண்ணாடிக் கம்பளியைப் புற்றுநோய் ஐயப்பட்டியலில் வைத்திருந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2001 மறுஆய்வில் அதை விடுவித்தது. இழை தோலையும் தொண்டையையும் உறுத்தும் என்பதால் முகமூடியும் கையுறையும் இன்றும் அவசியம்.

பெரிய ஆபத்து மின்கம்பியில் இருக்கிறது. கம்பளிக்குள் புதைந்த கம்பி சூட்டை வெளிவிட முடியாது. மின்தாக்கமும் நேரலாம். ஆஸ்திரேலிய அரசு 2009இல் தொடங்கிய வீட்டு வெப்பக்காப்புத் திட்டத்தில் 4 இளந்தொழிலாளர்கள் இறந்தனர். மூவர் மின்தாக்கத்தாலும் ஒருவர் மச்சின் வெக்கையாலும். திட்டம் 2010 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது.