முந்நீர் கடந்த தொட்டில்: மலாயாத் தோட்டங்களில் தமிழ்க் குழந்தை வளர்ந்த வரலாறு

முன்னுரை

கடல்வழிச் செலவு மகளிரொடு கூடி நிகழ்வதில்லை என்பது தொல்காப்பியப் பொருளதிகாரம் கூறும் மரபு. அந்நூற்பாவிற்குப் பொருள் காண்பதில் உரையாசிரியரிடையே வேறுபாடு உண்டு. ஆயினும், பொருள்வயிற் பிரிந்த தலைவன் தனித்தே சென்றான் என்பதும், தலைவி இல்லின்கண் ஆற்றியிருந்தாள் என்பதும் அகப்பாடல்களைக் கற்றார் அனைவரும் அறிந்தவையே. பிரிவு என்னும் ஒழுக்கமே பாலைத்திணையின் உயிர். தலைவி உடன்சென்று, இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாகக் கப்பலேறியிருப்பாளாயின், நம் பாலைப் பாட்டு வேறொரு பாட்டாக இருந்திருக்கும்.

அத்தகைய செலவு பின்னாளில் பெருமளவில் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களினின்றும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற எளிய மக்கள், மனைவி மக்களோடு கடல் கடந்தனர். அவர்தம் வரலாற்றை எழுதினோர், சென்றோர் எத்துணையர், பெற்ற கூலி யாது, மீண்டோர் எத்துணையர் என்பவற்றை நன்கு ஆராய்ந்துள்ளனர். ஆயின், தாய் விடியற்காலையில் மரம் சீவச் சென்றபோது அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் யார் என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. சிறு வினாவாகத் தோன்றும் இதன் விடையில், அயல்நாட்டில் தமிழ் நிலைபெற்ற காரணமும் அடங்கியுள்ளது என்பது நம் கருத்து. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தந்தை வழிச் சமயமும் தாய் வழி மொழியும்

முதற்கண், மகளிர் உடன்செல்லாத குடியேற்றம் என்னாயிற்று என்பதை நோக்குவோம். பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா பெருந்துறைமுகமாக விளங்கிய காலத்தில் தமிழ் வணிகர் பலர் ஆங்குச் சென்று தங்கினர். பழைய மரபின்படி அவர்கள் தனித்தே சென்றனர். சென்ற இடத்து மகளிரை மணந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள் எனப்படுவோர். அவர்கள் இன்றளவும் சைவ சமயத்தைப் போற்றி வருகின்றனர். 1781-ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்தம் பற்றிற்குச் சான்றாக மலாக்காவில் நிற்கின்றது. ஆயினும் அவர்கள் வீட்டில் வழங்கும் மொழி மலாய், தமிழன்று.

இதனால் அறியத்தக்கது யாது? தந்தையர் சமயத்தைக் கொடுத்தனர். தாயர் மொழியைக் கொடுத்தனர். கோயிலைத் தந்தை கட்டலாம். தாலாட்டைத் தாயே பாடினாள். அத்தாய் அறிந்த மொழியே பிள்ளையின் மொழியாயிற்று. இதில் குறை கூறுதற்கு ஒன்றுமில்லை. நம் ஆராய்ச்சிக்கு இஃது ஓர் அளவுகோலாக அமைகின்றது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

மகளிர் சென்றமை

தோட்டக் குடியேற்றமும் தொடக்கத்தில் ஆடவர் குடியேற்றமாகவே இருந்தது. ஒப்பந்தக் கூலி முறையில் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றோருள் மகளிர் மிகச் சிலரே. அம்முறை 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. இரப்பர்ப் பயிர் பெருகியபோது கங்காணி முறை மேலோங்கியது. கங்காணி என்பான் தன் ஊருக்கே திரும்பித் தன் உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்துச் சென்றான். 1907-ஆம் ஆண்டில் மலாயாவில் ஏற்பட்ட குடியேற்ற நிதி, வருவோரின் கப்பற்செலவை ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் அமைந்த முகாம்களில் தங்கிக் கப்பலேறிய கூட்டத்தில் குடும்பங்கள் சிறிது சிறிதாக மிகுந்தன.

மக்கட்கணக்கு இதனைத் தெளிவாகக் காட்டும். மலாயாவிலிருந்த இந்தியருள், 1921-இல் ஆயிரம் ஆடவர்க்கு ஏறத்தாழ 400 மகளிரே இருந்தனர். 1957-இல் அத்தொகை ஏறத்தாழ 700 ஆயிற்று. 1931-இல் இந்தியருள் ஐந்தில் ஒரு பங்கினரே அந்நாட்டிற் பிறந்தவர். 1947-இல் ஏறத்தாழப் பாதியினர் அங்குப் பிறந்தவராயினர். 1957-இல் மூன்றில் இரு பங்கினரை அண்மினர். பிறிதொரு நாட்டில் தங்கியிருந்த கூட்டம், இருபத்தாறு ஆண்டுகளில் அந்நாட்டிற் பிறந்த மக்களாக மாறிற்று. நிலவுரிமையும் குடியுரிமையும் பின்னர் வந்தவை. தொட்டில் அவற்றிற்கு முன்னரே கட்டப்பட்டுவிட்டது.

விடியலும் ஆயாக் கொட்டகையும்

இக்குழந்தைகளின் நாள் எவ்வாறு தொடங்கிற்று என்பதை அறியப் பால்மரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மரத்தின் பால் குளிர்ந்த விடியற்பொழுதில் மிகுதியாக ஒழுகும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆதலின் ஞாயிறு எழுமுன்னரே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுதல் முடிந்துவிடும். அதற்கு முன் தாய் எழுந்து உலை வைத்தல் வேண்டும். உறங்கும் குழந்தையை இருளிலேயே துணியிற் பொதிந்து எடுத்துச் செல்லுதலும் வேண்டும். கணவனும் மனைவியுமாக இருவரும் கூலி பெற்றாலன்றிக் குடும்பம் நடவாது. ஆடவர்க்குரிய கூலியினும் மகளிர்க்குரிய கூலி குறைவாகவே வைக்கப்பட்டிருந்தது.

ஊரிலாயின் குழந்தையைப் பாட்டியிடம் விடலாம், அத்தையிடம் விடலாம். தோட்டத்திற்கு வந்தவரோ உழைக்கும் பருவத்தினர். மூத்தோர் ஊரிலேயே தங்கிவிட்டனர். தமிழ்க் குடும்பத்தின் ஓர் உறுப்பு, குழந்தையைப் பொறுத்தமட்டில் தலையாய உறுப்பு, கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. அவ்விடத்தை நிரப்ப எழுந்ததே ஆயாக் கொட்டகை. லயங்களுக்கு அருகில் ஒரு கொட்டகை. அதனுள் வரிசையாகச் சேலையிற் கட்டிய ஏணைகள். அவற்றை ஆட்ட, மரம் சீவும் வலிமை குன்றிய ஒரு முதிய பெண்மணி. தோட்ட நிருவாகம் அவளுக்குக் கூலி கொடுத்தது. நிருவாகத்தின் கணக்கில் அவள் ஒரு கூலியாள். குழந்தைகளுக்கோ அவளே பாட்டி.

பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாக வகுத்துப் பாடுகின்றன. செங்கீரையாடுதலும், தாலாட்டக் கேட்டலும், சப்பாணி கொட்டுதலும், தளர்நடையிட்டு வருதலும் தாய் கண்டு மகிழ்தற்குரியன. தோட்டத்துக் குழந்தைகட்கும் அப்பருவங்கள் வந்தன. ஆயின் அவற்றுட் பல ஆயாவின் கண்முன் நிகழ்ந்தன. தாய் மாலையில் கேட்டறிந்தாள்.

ஆயாவும் எல்லாக் குழந்தைகளையும் தாங்க இயலாதாள். ஆதலின் வீட்டின் மூத்த பெண் குழந்தையே பல குடும்பங்களில் இரண்டாம் தாயாக அமைந்தாள். பேராக்கு மாநிலத்துத் தோட்டமொன்றில் முதிய அம்மையார் ஒருவரைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. எட்டு வயதில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளியின் சாளரத்தருகே நின்று பாடம் கேட்டதாக அவர் கூறினார். அவர் எழுதப் படிக்கக் கற்றிலர். தம்பி ஆறாம் வகுப்பு வரை படித்தார். தம் தாயைப் பற்றி முதலில் நினைவிற்கு வருவது யாது என வினவினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர், தாயின் உடையில் நீங்காதிருந்த ஒட்டுப்பால் நாற்றமே என்றார். முகம் பின்னர்த்தான் நினைவிற்கு வருமாம். இரப்பர் வரலாற்றை எழுதுவோர்க்கு இதுவும் ஒரு சான்றே.

சட்டமும் பள்ளியும்

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துக் குழந்தைகள் பத்துப் பேரேனும் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டுமென வற்புறுத்திற்று. அருள் நோக்கம் மட்டுமே இதற்குக் காரணமன்று. குடும்பத்தோடு வந்தவன் எளிதில் தோட்டத்தை விட்டு நீங்கான் என்பதை முதலாளிகள் அறிந்திருந்தனர். இந்திய அரசும் 1922-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் நிலைமையைக் கண்காணித்து வந்தது.

அப்பள்ளிகளின் நிலை பெரும்பாலும் இரங்கத்தக்கதே. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள். சில இடங்களில் கங்காணியோ கிராணியோ ஆசிரியராகவும் இருந்தனர். ஓரளவு வளர்ந்த சிறுவர் பள்ளியை விட்டுப் பெற்றோர்க்குத் துணையாக மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் சென்றனர். 1937-ஆம் ஆண்டில் வெளிவந்த சீனிவாச சாஸ்திரியாரின் அறிக்கை மலாயாவின் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தது. அடுத்த ஆண்டில் இந்திய அரசு உதவிபெற்றுச் செல்லும் குடியேற்றத்தையே தடுத்தது. குறை பல இருப்பினும் ஒன்று மறுத்தற்கரியது: அப்பள்ளி தமிழ்ப் பள்ளி. ஆயாவின் வாயிற் கேட்ட மொழியைக் குழந்தை எழுத்திலும் கண்டது அங்கேதான்.

இழப்புகள்

இவ்வரலாற்றை இனிமையாக மட்டும் எழுதுதல் நேர்மையாகாது. காடழித்து உண்டாக்கிய தோட்டங்களில் முறைக்காய்ச்சல் முதலில் வந்தது. மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் 1901-ஆம் ஆண்டு முதல் கிள்ளான் பகுதியில் நீர் வடியச் செய்து கொசுவை ஒழித்துக் காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். அம்முறை பரவுதற்கு முன் இறந்த குழந்தைகள் பலர்.

1930-ஆம் ஆண்டை அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை வீழ்ந்தது; பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களோடு சென்ற குழந்தைகளுள், பெற்றோர் 'ஊர்' என்றழைத்த இடத்தை முதன்முறையாகக் கண்டோரும் உளர். சப்பானியர் ஆட்சியில், 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம்-பர்மா இரயில்பாதை அமைத்தற்குத் தமிழர் பெருந்தொகையினர் கொண்டு செல்லப்பட்டனர். மீளாதோர் மிகப் பலர். தோட்டத்தில் எஞ்சிய மகளிர், கூலியும் அரிசியும் இன்றி, மரவள்ளிக் கிழங்கால் பிள்ளைகளின் உயிரைக் காத்தனர். பொருள்வயிற் பிரிவிற்கு இலக்கணம் உண்டு. இப்பிரிவிற்கு நம் இலக்கணத்தில் இடமில்லை.

ஒரு தடை விடை

தாயர் உடன்சென்றமையே மொழி நிலைத்ததற்குக் காரணமெனின், மொரீசியசு தீவிற்கும் தமிழ் மகளிர் சென்றனரே, ஆங்குத் தமிழ் வீட்டுமொழியாக நிலைபெறாமை என்னை என வினவலாம். வினா தக்கதே. ஆங்குக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் சிறுபான்மையினராய்ப் போச்புரி பேசுவோருடன் கலந்து வாழ்ந்தனர், கிரியோல் பொதுமொழியாயிற்று. தாய் தமிழ் பேசினும், குழந்தை நாளெல்லாம் கேட்டது பிறமொழியே. மலாயாவிலோ, கங்காணி ஓரூரினின்று பல குடும்பங்களை ஒருங்கே கொணர்ந்தான். ஆதலின் லயம் ஒரு தமிழ்த் தெருவாயிற்று. கொட்டகை தமிழ்க் கொட்டகையாயிற்று. பள்ளி தமிழ்ப் பள்ளியாயிற்று. அண்டை வீட்டார் அத்தையும் மாமனும் ஆயினர். தாய் இல்லாத எட்டு மணி நேரமும் குழந்தை தமிழே கேட்டது. எனவே தாய் மட்டும் போதாள். தாய் இல்லாத பொழுதை நிரப்பும் மொழியும் அவள் மொழியாதல் வேண்டும் என நம் கருத்தைச் சற்றுத் திருத்திக் கொள்கின்றோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மலாயாவில் தமிழ் நிலைபெற்றமைக்குக் கோயிலும் இதழும் சங்கமும் துணை நின்றனவெனினும், அவற்றிற்கு அடிப்படையாக நின்றது கொட்டகையில் ஆடிய ஏணையே என்பது பெறப்படும். 1956-ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் துறை ஏற்பட்டதையும், 1966-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நிகழ்ந்ததையும் நாம் பெருமையோடு நினைவுகூர்கின்றோம். அம்மேடைக்கு வேராக நின்றோருள் பெயர் அறியப்படாத ஆயாக்களும் உளர்.

இன்று நிலைமை வேறு. விடுதலைக்குப் பின் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. அதனைத் தடுத்தற்கு 1960-ஆம் ஆண்டில் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர்ச் செம்பனை வந்தது, நகரங்கள் விரிந்தன, லயங்கள் இடிக்கப்பட்டன. தோட்டத்தை விட்டு நீங்கிய குடும்பம் வீட்டை மட்டும் இழக்கவில்லை. கொட்டகையையும் பள்ளியையும் அத்தை மாமன் என்னும் அயலாரையும் ஒரே நாளில் இழந்தது. நகரத்து அடுக்ககத்தில் வேலைக்குச் செல்லும் தாய்க்கு, குழந்தையைப் பார்ப்பவர் யார் என்னும் பழைய வினா மீண்டும் எழுந்துள்ளது. உலகின் பல நகரங்களில் வாழும் இக்காலத் தமிழ்க் குடும்பங்களுக்கும் அதுவே வினா. விடையைப் பொறுத்தே அடுத்த தலைமுறையின் மொழி அமையும்.

கொட்டகையில் வளர்ந்தோருள் மூத்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். கூலிக் கணக்கேடுகள் ஆவணக் களரிகளில் உள்ளன. ஆயாக்கள் பாடிய தாலாட்டோ இம்மூத்தோர் நினைவில் மட்டுமே உள்ளது. நம் துறையின் ஆய்வு மாணாக்கர் இப்பணியை விரைந்து மேற்கொள்ளுதல் வேண்டும்.