வேல்ஸ் நாட்டுக் காதற் கரண்டி

பிரிட்டன் தீவின் மேற்குப் புறத்தே, குன்றுகளும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த சிறு நாடு வேல்ஸ். அதன் தலைநகரான கார்டிஃபை அடுத்த செயின்ட் ஃபேகன்ஸ் என்னும் ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில், 1667 என ஆண்டு பொறிக்கப்பெற்ற மரக்கரண்டி ஒன்று இருக்கின்றது. பொன்னும் மணியும் இழைத்த அரண்மனைப் பொருளன்று அது; வெறும் மரம். ஆயினும், வேல்ஸில் ஆண்டு குறிக்கப்பெற்றுக் கிடைத்துள்ள காதற் கரண்டிகளுள் மிகப் பழையது என்னும் பெருமை அதற்கு உண்டு.

காதற் கரண்டியாவது யாது? ஒரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்த இளைஞன், தன் கையாலேயே செதுக்கி அவளுக்கு அளிக்கும் கரண்டி. வேல்ஸ் மொழியில் இதனை ‘லூய் காரி’ என்பர். ‘லூய்’ கரண்டியைக் குறிக்கும். காதலித்தல் எனப் பொருள்படும் ‘காரி’ என்னும் சொல்லின் முதலெழுத்து, பெண்பாற் சொல்லான ‘லூய்’ முன்வருதலால், அம்மொழியின் இலக்கணப்படி மென்மையாய்த் திரிந்து ஒலிக்கும். புணர்ச்சி விதிகளைப் பயின்ற நமக்கு இது வியப்பளிக்காது. கரண்டியைப் பெற்றுக்கொண்ட அளவிலே திருமணம் உறுதியாகிவிட்டது என்பதில்லை. ‘என் உள்ளம் இது, உன் உள்ளம் யாது?’ என்னும் வினாவே அது.

பிற பொருள்கள் பல இருக்கக் கரண்டியைத் தேர்ந்தது ஏன்? அந்நாட்டு உழவர் வீடுகளில் அன்றாட உணவு, ‘கவுல்’ எனப்படும் கறியும் காய்களும் கலந்த குழம்பு. அதனை மரக்கிண்ணத்தில் வார்த்து மரக்கரண்டியால் உண்டனர். உணவின் சுவையைக் கெடுக்காத சிக்கமோர் என்னும் மரம் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. டைவி ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள அபர்கீச் முதலிய ஊர்களில், கிண்ணங்களையும் கரண்டிகளையும் கடைந்து செதுக்கியே வாழ்ந்த தொழிலாளர் பலர் இருந்தனர். ஆகவே கரண்டி எல்லார் கையிலும் புழங்கிய பொருள். மரமோ எளிதிற் கிடைப்பது.

கொடுப்பவனின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பண்ணைகளுக்கு ஆள் எடுக்கும் சந்தைகள் அக்காலத்தில் ஆண்டுதோறும் கூடின. அங்கே கூலி பேசி அமர்ந்த இளைஞன் பெரும்பாலும் குதிரைக் கொட்டிலின் மேற்பரணில் உறங்கினான். மோதிரம் வாங்கப் பொருளில்லை. ஆனால் குளிர்கால இரவுகள் நீண்டவை. இடுப்பில் ஒரு கத்தியும் உண்டு. கோரைத் தண்டின் சோற்றைக் கொழுப்பில் தோய்த்து ஏற்றிய சிறு விளக்கின் ஒளியில், அவனிடம் இருந்த ஒரே செல்வமாகிய ஓய்வு நேரத்தை அவன் மரத்தில் இட்டான்.

கரண்டி முழுவதையும் ஒரே மரத்துண்டிலிருந்து எடுத்தல் வேண்டும் என்பதே இக்கலையின் முதல் விதி. ஆணிக்கும் பசைக்கும் இடமில்லை. முதலில் கோடரியால் மரத்தைப் பிளந்து உருவத்தைத் திரட்டுவர். பின்னர்க் கத்தியால் காம்பைச் செதுக்கி, அலகு வளைந்த வேறொரு கத்தியால் குழியைக் குடைவர்.

காம்பிலே சங்கிலி தொங்கவிடும் முறை நுட்பமானது. சதுரச் சட்டம் ஒன்றின் நான்கு மூலைகளையும் நீளவாக்கில் நீக்கிவிட்டால், குறுக்குவெட்டில் அது கூட்டற்குறி போல் நிற்கும். அதன் இரு தகடுகளிலும் மாறி மாறிக் கண்ணிகளை வரைந்து, அவை ஒட்டியிருக்கும் இடங்களைச் சிறிது சிறிதாக அறுத்து விடுவிப்பர். மூட்டே இல்லாத சங்கிலி அப்போது அசையத் தொடங்கும். கூண்டுக்குள் உருண்டை அமைப்பதும் இத்தகையதே. கட்டையின் நாற்புறமும் குடைந்து, மூலைகளில் நான்கு கம்பிகளை நிறுத்தி, நடுவில் எஞ்சிய மரத்தையே உருண்டையாக்குவர். அது உள்ளே உருளும், வெளியே வாராது. முடியும் தறுவாயில் கத்தி ஒரு நூல் அளவு பிறழ்ந்தாலும் பல இரவுகளின் உழைப்பு பாழாகும்.

இக்கரண்டிகளில் இதயம், சக்கரம், பூட்டு, சாவித்துளை, நங்கூரம் முதலிய வடிவங்களைக் காணலாம். இதயம் காதலைக் குறிக்கும். சக்கரம் ‘உனக்காக உழைப்பேன்’ என்னும். சாவித்துளை ‘என் வீடு உன் வீடு’ என்னும். கூண்டிலுள்ள உருண்டைகள் விரும்பும் மக்களின் எண்ணிக்கை. இவ்வாறு பொருளுரைக்கும் அட்டவணைகள் இன்று கடைகளிலே கரண்டியோடு சேர்த்துத் தரப்படுகின்றன. கேட்க இனியவையே. ஆனால் வரலாறு பயில்வோர் இங்கே சற்று நின்று எண்ணல் வேண்டும். பழைய கரண்டிகளைச் செய்தோர் தங்கள் கருத்தை எழுதிவைத்தாரல்லர். ஒருவன் சக்கரம் செதுக்கியது உழைப்பைக் குறிக்கவோ, அண்டை வீட்டான் செய்ததைக் கண்டோ, கைத்திறனைக் காட்டவோ, யார் அறிவார்? ஐயத்திற்கு இடமில்லாத செய்தி ஒன்றே: ‘உன்பொருட்டு இத்தனை இரவுகள் விழித்திருந்தேன்.’ அதனை மரமே சொல்கின்றது.

இவ்வழக்கம் வேல்ஸுக்கு மட்டும் உரியதன்று. நார்வே நாட்டில், மரச்சங்கிலியால் பிணைந்த இரட்டைக் கரண்டிகளைக் கொண்டு மணமக்கள் ஒருங்கே உண்ணும் மரபு இருந்தது. எனினும் வேல்ஸின் கரண்டிகளே உலகறியப் பெயர்பெற்றன.

19-ஆம் நூற்றாண்டில் தென் வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுப்புற இளைஞர்களை ஈர்த்தன. மலிவான உலோகக் கரண்டிகளும் பெருகின. பரண் இரவுகள் மறைய, வழக்கமும் தளர்ந்தது. எஞ்சிய கரண்டிகள் காப்பாற்றப்பட்டதற்கு அருங்காட்சியகங்களுக்கு நன்றி கூறல் தகும். செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகம் 1948-இல் திறக்கப்பட்டது. அதன் முதற் காப்பாளரான யோர்வர்த் பீட் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். அரசர் வாளுக்கு நிகரான மதிப்பு உழவன் கரண்டிக்கும் உண்டு என்னும் கொள்கையே அந்நிறுவனத்தின் அடிப்படை. கடிதமோ நாட்குறிப்போ விட்டுச் செல்லாத எளிய மக்களுக்கு இத்தகைய பொருள்களே ஆவணங்கள்.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கலை மீண்டும் தளிர்த்தது. இன்று திருமணத்திற்கும் குழந்தைப் பேற்றுக்கும் காதற் கரண்டி பரிசளிக்கின்றனர். பெருந்தொகையான கரண்டிகள் இயந்திரத்தால் ஆகின்றன. எனினும், அலுவல் முடிந்த மாலையில் கத்தியும் மரத்துண்டுமாக அமரும் பொழுதுபோக்காளர் பல நாடுகளிலும் உளர். தொடங்குவோர் மென்மையான லிண்டன் மரத்தில் எளிய இதயம் ஒன்றைச் செதுக்கிப் பழகுகின்றனர். சங்கிலியும் கூண்டும் பின்னரே.

அருங்காட்சியகத்தில் உள்ள கரண்டிகள் பலவற்றில் கொடுத்தவன் பெயரும் இல்லை. பெற்றவள் பெயரும் இல்லை. அவள் இசைந்தாளா, மறுத்தாளா என்பதும் தெரியாது. வேலை மட்டும் நிற்கின்றது, கதை போய்விட்டது. ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நேயர்களின் வீட்டிலும், ஒரு குத்துவிளக்கோ பித்தளைச் செம்போ தாய்வீட்டு நினைவாக இருக்கக்கூடும். அதைச் செய்தவர் யார், எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்பதை உங்கள் குழந்தைகளுக்கு இன்றிரவே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால், அதுவும் ஒருநாள் பெயரில்லாக் கரண்டியாகிவிடும்.